கத்துகிற பிரேக்

"ஒரு டயர்னா ஆணி குத்திச்சுன்னு சொல்லலாம். நாலு டயரும்னா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீரையன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். சேற்றில் படுத்த எருமை மாதிரி கார் வாசலில் அமுங்கிக் கிடந்தது.

வளைகாப்பு முடிந்த மகள் சுடர்விழியைச் சீர்காழியிலிருந்து பிரசவத்துக்கு அழைத்துவர இன்றைக்குத்தான் நாள் பார்த்திருந்தது. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து விடியற்காலையே கிளம்பியிருக்க வேண்டும். இந்த நேரம் பார்த்து எவனோ காற்றைப் பிடுங்கிவிட்டிருக்கிறான்.

எவனோ என்ன எவனோ. அடுத்த வீட்டு மருதையன்தான்.

சம்பா நடவில் வாய்க்கால் மடையைத் திறந்த தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. பேச்சுதான் நின்றதே தவிர, வாய் நிற்கவில்லை. மருதையன் தன் எருமையிடம் சொல்லுவார். வீரையன் தன் கோழிக்கூண்டிடம் பதில் சொல்லுவார். ஊரில் அந்த எருமைக்கும் அந்தக் கூண்டுக்கும் விழுந்த அளவு திட்டு வேறு எதற்கும் விழுந்ததில்லை.

சமீபத்தில் திட்டெல்லாம் வீரையனுடைய காரைப் பற்றித்தான்.

அந்தக் கார் பிரேக் பிடித்தால் கிரீச்சென்று ஒரு கத்தல் கத்தும். வயலில் நிற்கிற கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தால் கீழ்வேளூரில் போய்த்தான் இறங்கும். தென்னையில் முற்றாத காய்கூட உதிரும். எதிரே வருகிற டவுன் பஸ், ஆம்புலன்ஸ் என்று நினைத்து ஒதுங்கி வழிவிடும்.

வீரையனுக்கு அதில் ஒரு பெருமை. "பிரேக் நல்லாப் புடிக்குது, அதான் கத்துது" என்பார்.

"மாத்திடுங்களேன். கேக்கவே பயமா இருக்கு" என்று மனைவி தர்மாம்பாள் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"காரைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்? கத்தாத பிரேக்கையும் கத்தாத பொண்டாட்டியையும் நம்பக் கூடாது."

அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை.

மருதையன் மட்டும் விடவில்லை. முன்பு டிராக்டர் ஓட்டிய ஆள். கார் கத்தும்போதெல்லாம் எருமையின் முதுகில் தட்டி, "ஏண்டி, சதையெல்லாம் தேஞ்சு எலும்போட எலும்பு உரசுது, அதான் கத்துற! இப்படியே ஆத்துப் பாலத்துல எறங்குனா ஆத்துக்குள்ளதான் போய் நிப்ப!" என்பார்.

"காரில்லாத வயித்தெரிச்சல் என்னமா பேசுது பாரு" என்று வீரையன் கூண்டைப் பார்த்துச் சொல்லுவார்.

இன்றைக்கு அந்த வயிற்றெரிச்சல் கையை நீட்டியும் விட்டது.

"பேச்சு இல்லைன்னா டயர்லயா காட்டுறது? அதுவும் பொண்ணை அழைக்கப் போற அன்னிக்கு?" என்று கோழிக்கூண்டு அதிர வீரையன் கத்தினார்.

"நான் தொட்டிருந்தா என் கை அழுகிப் போகட்டும்டி!" என்று எருமையிடம் சத்தியம் செய்தார் மருதையன்.

தர்மாம்பாள் நடுத்தெருவுக்கே வந்து இரண்டு கையையும் உயர்த்தினாள். "இதைச் செஞ்சவங்க நல்லா இருக்கணும்! தீர்க்காயுசா இருக்கணும்! புள்ளகுட்டியோட வாழணும்!"

வயிறு எரிந்து விடுகிற சாபம் என்று தெருவே உச்சுக் கொட்டியது.

அதற்குள் மெக்கானிக் அன்சார் காற்றடிக்கிற மெஷினோடு பைக்கில் வந்து இறங்கினான். முன் சக்கரத்திடம் குனிந்தவன், காற்றடிக்காமல் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"மாமா, டிஸ்க்குல உழுது வச்ச மாதிரி கோடு கோடா இருக்கே. கார் கத்துமா?"

"கத்தும். கணீர்னு கத்தும்."

அன்சார் சக்கரத்தைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு தகட்டை உருவிக் கொடுத்தான்.

"இதுதான் மாமா உங்க பிரேக் பேட். தேயறதுக்கு இதுல இனிமே ஒண்ணும் இல்ல. ஆரம்பத்துல கத்துனதே, மாத்துடான்னு சொல்லத்தான். நீங்க இரும்போட இரும்பு உரச விட்டிருக்கீங்க. இதுலயா சீர்காழி வரைக்கும், புள்ளத்தாச்சிப் பொண்ணை ஏத்திட்டு வர இருந்தீங்க?"

வீரையன் தகட்டைத் தடவிப் பார்த்தார். தலைமுடி அளவுகூடப் பேட் இல்லை.

நேராக வேலியைத் தாண்டினார். எருமையைத் தள்ளிவிட்டு மருதையனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மருதையா! வாயால சொன்னா நான் கேக்க மாட்டேன்னுதானே காத்தைப் புடுங்கிவிட்ட? எம்பொண்ணு உசுரைக் காப்பாத்திட்டியேப்பா!"

மருதையன் விழித்தார். தெருவைப் பார்த்தார். தெரு மொத்தமும் அவரைக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"விடுங்கண்ணே. சுடர்விழி எனக்கும் மகதானே? ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. மனசு கேக்காம எந்திரிச்சு வந்து நாலு டயரையும்... இருட்டுல தடவித் தடவி... கைகூடக் கொஞ்சம் சிராய்ச்சிடுச்சு."

"எங்க, காட்டு!"

"பெருசா ஒண்ணும் இல்லண்ணே, ஆறிடுச்சு."

அன்சார் புதுப் பேட் எடுத்துவரக் கடைக்குப் பறந்தான். வீரையன் மருதையனைத் தோளில் கைபோட்டு வீட்டுக்குள் அழைத்துவந்து நாற்காலியில் உட்கார்த்தினார். அடுத்த முறை வாய்க்கால் தண்ணீர் மருதையன் வயலுக்குத்தான் முதலில் என்று அங்கேயே தீர்ப்பும் ஆகிவிட்டது.

"உங்களை மாதிரி மனசு யாருக்குத் தம்பி வரும்? இருங்க, காபி கொண்டுவரேன்" என்று முகம் மாறாமல் சொல்லிவிட்டு தர்மாம்பாள் அடுக்களைக்குள் போனாள்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலு டயரின் வால்வு மூடிகளையும் எடுத்து அஞ்சறைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.