இரண்டாம் கியர்

செட்டிபாளையத்தில் தினமும் அழகரத்தினம் பின்னால் நின்று தள்ள, மனைவி புஸ்பம் ஸ்டார்ட்டர் பழுதான வேனை இரண்டாம் கியரில் ஸ்டார்ட் பண்ணுவாள். இராணுவச் சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். முகாமுக்குப் போய்க் கேட்டே தீருவதென்று புஸ்பம் ஸ்டார்ட்டர் மோட்டரைக் கழற்றினாள். உள்ளே மின்சாரம் கடத்தும், தேய்ந்த கரித்துண்டுக்குக் கடைகளில் மாற்று இல்லை. டோர்ச் பற்றரிக்குள் இருந்த கரித்தண்டை அம்மியில் உரசிப் பொருத்தி, மோட்டரைத் திரும்பப் பூட்டினாள்.

“தள்ளிவிடட்டா அக்கா?” வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு நல்லரத்தினம் கேட்டான்.

“வேணாம் தம்பி. இனி ஒருத்தரும் தள்ளத் தேவையில்ல.”

பழக்கத்தில் கிளச்சை மிதித்து இரண்டாம் கியரைப் போட்டுச் சாவியைத் திருப்பினாள். வேன் மெல்ல நகர்ந்தது. கிளச்சை விட்டாள், எஞ்சின் பிடித்துக்கொண்டது.

இறங்கிப் பார்த்தாள். மோட்டருக்குப் போகும் வயர் பூட்டப்படாமல் தொங்கியது. வேனுக்குப் பின்னால் மணலில், அழகரத்தினம் தள்ளும்போது பதிவதுபோலவே, கால்விரல்கள் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தன. நல்லரத்தினம் வேலிக்கு அப்பாலேயே நின்றான்.

வயரைப் பூட்டினாள். மற்றப் பக்கக் கதவைத் திறந்து, ஓர் ஆள் ஏறும் நேரம் காத்திருந்து, சாத்தினாள். பிறகும் அவனைக் கேட்டு முகாமுக்குத்தான் போனாள்.