மூணு வீட்டுக் கால்சியம்

ஏலக்காய் மணக்கும் கசப்புக் காப்பியை வாங்கிய நுஹா அதை உதட்டருகே கொண்டுபோகவில்லை. கோப்பையைத் தன் முன்னால் தரையில் வைத்தாள். அபூ ஃபவாஸ் வீட்டுக் கூடத்தில் எல்லார் கண்ணும் அந்தக் கோப்பைக்குப் போனது.

சாக்கடல் பக்கத்துக் கரக் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வந்தவர் எதையோ கேட்க வந்திருக்கிறார். தருகிறேன் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுக்கும்வரை வாய் நனைக்க மாட்டார்.

"பொம்பளைப் பிள்ளை கோப்பையைக் கீழ வைக்கறதை இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றான் கடைசி மகன் நாயில். "படிச்சிட்டால்ல, மீசை முளைச்சிடுச்சு."

மூத்தவன் ஃபவாஸ் சிரிக்கவில்லை. அவன் மடியில் ஒரு காகிதம் இருந்தது. அரசு மருத்துவமனை உணவு ஆலோசகி நுஹா, தங்கள் தகப்பனாரின் கால்சியம் மாத்திரையை நிறுத்திவிட்டு, கண்ட சாப்பாட்டையும் கொடுக்கிறாள் என்று எழுதிய புகார். காலையில் அது மேலிடத்துக்குப் போகும்.

அவளுடையது ஒப்பந்த வேலை. போனால் போனதுதான். விதவையான அவள் அம்மா சாக்கடல் ஓரத் தக்காளித் தோட்டங்களில் பதினாறு வருஷம் முதுகை ஒடித்து வாங்கிக் கொடுத்த பட்டம் அது. அந்தக் குடும்பம் கண்ட முதல் பட்டம்.

மூலையில் மெத்தைமேல் உட்கார்ந்திருந்த தகப்பனார் அபூ ஃபவாஸ் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கேக்க வந்தது அப்புறம் இருக்கட்டும்," என்றான் ஃபவாஸ். "முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. மணிக்கட்டு உடைஞ்ச மனுஷனுக்குக் கால்சியம் வேண்டாம்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?"

"நிறுத்தினது டாக்டர், ரத்தத்தைச் சோதிச்சுட்டு. ஏன்னு நான் சொல்றேன். உங்கம்மா போனதுலேர்ந்து உங்கப்பா காலையில யார் வீட்டுல சாப்பிடறார், அண்ணே?"

"என் வீட்டுல."

"மாத்திரை?"

"என் பொண்டாட்டி ஒண்ணு கொடுப்பா."

"மத்தியானம்?"

"எங்க வீட்டுல," என்றான் நாயில். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நாங்களும் ஒண்ணு கொடுப்போம். எலும்புக்கு நல்லதுன்னு."

"ராத்திரி?"

பட்டாளத்தில் இருக்கும் நடு மகனின் மனைவி ஸமீஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நானும் ஒண்ணு கொடுத்தேன். மத்தவங்க கொடுக்கறாங்கன்னு எனக்கென்ன கனவா வரும்?"

"அதோட விட்டீங்களா? வேளா வேளைக்கு ஜமீது. கல்லு மாதிரி காய்ஞ்ச தயிர்க்கட்டியைக் கரைச்சு, கறியில ஊத்தி, சோத்துல ஊத்தி, மிச்சத்தைக் குடிக்கவும் கொடுத்திருக்கீங்க. எல்லாம் கால்சியம். மக்னீசியம் எங்கிருந்து வரும்? கீரை இல்ல, பருப்பு இல்ல, ஒரு பாதாம் இல்ல. கீரைதான் ஏழை வீட்டுச் சாப்பாடாச்சே, உங்க கௌரவம் என்ன ஆகறது!"

"வாயை அளந்து பேசு," என்று நாயில் எழுந்தான்.

"நீங்க மாத்திரையை அளந்து கொடுத்திருந்தா நான் பேசவே வேண்டியதில்ல. கெண்டைக்கால் இழுத்து அலறினாரே, நெஞ்சு தாறுமாறா அடிச்சுதே, வயசாச்சுன்னு விட்டுட்டீங்க. ஒண்ணை அள்ளிக் கொட்டினா இன்னொண்ணு உடம்புல ஒட்டாது. ரெண்டும் அதது அளவுல இருக்கணும். இவருக்கு ஒண்ணு கூரையைத் தொட்டுச்சு, இன்னொண்ணு தரையில கிடந்துச்சு."

நாயில் உட்கார்ந்தான். ஃபவாஸ் விடவில்லை. ஒரு தகர டப்பாவை அவள் பக்கம் தள்ளித் திறந்தான். ஆலிவ் எண்ணெயில் வதக்கிய குபைஸா கீரை; கீழே பருப்பு; ஓரத்தில் ஒரு பிடி தோலுரித்த பாதாம்.

"ஆறு வாரமா அப்பா பையில இது வருது. கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறார். நோயாளிக்குச் சமைச்சு அனுப்பறதும் உன் உத்தியோகமா? இதுல என்னத்தைக் கலந்தே?"

"எனக்குச் சமைக்கவே தெரியாது. வெங்காயம் நறுக்கினா விரலைத்தான் நறுக்குவேன். என்ன சாப்பிடணும்னு எழுதிக் கொடுக்கறதோட என் வேலை முடிஞ்சது."

அவள் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து அவன் முன்னால் விரித்தாள். "இது ஆறு வாரத்துக்கு முந்தின ரத்தம். இது நேத்து எடுத்தது. படிச்சுப் பாருங்க."

ஃபவாஸ் எண்களின் அடியில் விரலை ஓட்டினான். ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை. முதல் காகிதத்தில் இரண்டு இடத்தில் சிவப்புக் கோடு இருந்தது. இரண்டாவதில் எங்கும் இல்லை.

"அப்பா, இப்பக் கால் இழுக்குதா?"

"இல்ல," என்றார் அபூ ஃபவாஸ், தலையைத் தூக்காமலே. "நல்லாத் தூங்கறேன்." அவர் காது மடல் சிவந்திருந்தது.

ஃபவாஸ் புகாரை எடுத்தான். நான்காகக் கிழித்தான்.

"நாங்கதான் தப்பு பண்ணிட்டோம், தங்கச்சி. நீ கேக்க வந்தது கிடைச்சுது. காப்பியைக் குடி."

நுஹா கோப்பையைத் தொடவில்லை.

"புகாருக்காக நான் வரல, அண்ணே. நீங்க அதைக் கிழிக்காட்டியும் நான் கேக்க வந்ததைக் கேட்டுத்தான் இருப்பேன்."

"வேற என்னம்மா வேணும்?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்தக் கீரை எங்கம்மா வதக்கினது, அண்ணே. உங்கப்பாவை அவங்களுக்குக் கட்டிக் கொடுங்க."