முகத்துக்குக் கீழே ஒரு பெட்டி

மனைவியின் கன்னத்தில் அறைந்த மறுநாள் காலை, திருவரசு தானே காபி போட்டுக் கொண்டுவந்தான். "என் தப்புதான், கோதை. மன்னிச்சிடு" என்றான். கல்யாணமான நாளாக அந்த வாயில் வராத வார்த்தை.

பூங்கோதை சந்தேகத்தோடு வீட்டுக் கணினியைத் திறந்தாள். திரையில் குடும்பத்தார் முகங்கள்; ஒவ்வொன்றுக்கும் கீழே கட்டளை தட்டும் பெட்டி; தட்டியபடியே அந்த ஆள் நடந்துகொள்வார். புருஷன் முகத்துக்குக் கீழே, விடுதியிலிருந்து மகள் தட்டியிருந்தாள்: 'அம்மாகிட்ட மன்னிப்புக் கேள்.'

"பெத்த பொண்ணு தட்டினாத்தான் இதுகூட வருமா உங்களுக்கு?"

"மன்னிச்சிடு" என்றான் அவன், அதே குரலில்.

போதும், இன்றே கிளம்பிவிடுவது என்று எழுந்தவள், முதல்முறையாகத் தன் முகத்துக்குக் கீழே பார்த்தாள். கல்யாணத்தன்று அவளுடைய அப்பா தட்டியது: 'எது நடந்தாலும் பொறுத்துப் போ.'

அழிக்க விரலை நீட்டினாள். நீட்டும்போதே, போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. காபி ஆறுவதற்குள் எடுத்துக் குடித்தாள்.