வாசகரின் ஆட்சேபம்

வெள்ளைத்தாளை அவர் முன்னால் வைத்தாள். பேனாவையும் அவளே கொண்டுவந்திருந்தாள்.

நூலகத்தில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரையும் விட்டுவிட்டு நேராக அவரிடம் வந்திருந்தாள்.

அவர் நாளிதழை மடித்து வைத்தார்.

செண்பகவடிவு. எதிர்ச் சந்தில் தையல் கடை வைத்திருப்பவள். இரண்டு மாதமாக அந்தப் பளபளப்பான சினிமா இதழ் நூலகத்துக்கு வருவதில்லை. மறுபடியும் வாங்கச் சொல்லி நூலகருக்கு ஒரு மனு வேண்டுமாம்.

அதில் வரும் நடிகைகளின் கல்யாணப் படங்களைப் பார்த்துத்தான் ஜாக்கெட் வெட்டுகிறாளாம். கழுத்தும் முதுகும் முழுப் பக்கத்துக்குத் தெரியுமாம். செல்போனில் பார்த்தால் கொக்கி எங்கே வருகிறதென்றே தெரியவில்லையாம். ஆவணி முகூர்த்தத்துக்குப் புது மாதிரி கேட்டு வந்த பெண்கள், இல்லையென்றதும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாக வந்த கடைக்குப் போய்விடுகிறார்களாம். இந்த மாதம் நான்கு பேர் போய்விட்டார்களாம்.

எல்லாவற்றையும் தணிந்த குரலில் சொன்னாள்.

அவர் தலையாட்டினார். வேறு என்ன செய்ய?

தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் மனுக்களோடு குடும்பம் நடத்தியவர். இப்போது ஊர் இலக்கிய வட்டத்தின் செயலர். மனு எழுத வராது என்று அவர் சொன்னால் நாற்காலிகூட நம்பாது.

எழுத ஆரம்பித்தார்.

அந்த இதழை நிறுத்தவைத்தவரே அவர்தான்.

இதழ் வரும் ஒரு வியாழக்கிழமை, அதை நாளிதழுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நடிகையின் புதுவீடு. எட்டுப் பக்கம். சமையலறைக்கு மட்டும் இரண்டு பக்கம். இலக்கிய வட்டத் தலைவர் ஞானதிரவியம் பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

என்ன வே இது, என்று கேட்டிருந்தால்கூடச் சிரித்துச் சமாளித்திருப்பார். தலைவர் ஒன்றும் கேட்கவில்லை. சமையலறையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

இந்தக் குப்பைக்கெல்லாம் சந்தா கட்டுகிறார்கள், ஆட்சேபம் எழுதத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அவர் வாயில் வந்தது.

சொன்ன பிறகு எழுதாமல் இருக்க முடியுமா? தலைவர் நகரவே இல்லை.

வாசகர் கருத்துப் பதிவேட்டில் ஒரு முழுப் பக்கம் எழுதினார். பண்பாடு, இளைய தலைமுறை, சீரழிவு, ஒன்றையும் விடவில்லை. கீழே பெயரும் பதவியும். தலைவர் படித்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நூலகர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் அவருக்கு நூலகத்தில் வேலையில்லாமல் போனது. எந்தக் கல்யாணம் முடிந்தது, எந்தக் கல்யாணம் முறிந்தது, ஒன்றும் தெரியவில்லை. வெளியில் சொல்லி ஆறக்கூடிய துக்கமா இது?

மனு வளர்ந்தது. தையல் தொழிலால் பிழைக்கும் வாசகியாகிய நான், என்று தொடங்கியிருந்தார். யாரோ ஒருவர் ஆட்சேபித்தார் என்பதற்காக மற்ற வாசகர்களின் பயனை மறுப்பது முறையாகாது, என்று எழுதும்போது காது சூடானது.

வெட்கமாக இருந்தது. வாக்கியம் நன்றாக வந்திருந்தது வேறு.

கடைசியில் கையெழுத்துக்கு இடம் விட்டு, தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அவள் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரு வரியையும் தாண்டவில்லை. முடித்ததும் தாளை மறுபடி அவர் பக்கமே நகர்த்தினாள்.

"எம் பேர்ல குடுத்தா எடுபடாது சார். நீங்க உங்க பேர்லயே கேளுங்க. வேண்டாம்னு நீங்க எழுதுனதும் உடனே நிறுத்திட்டாவல்லா."

அவர் நூலகரின் மேசையைப் பார்த்தார். பதிவேடு அங்கேதான் கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அதைத் தலைவர் படித்தால் போதும் என்றுதான் எழுதினார். இவளும் படிப்பாள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவள் சண்டைக்கு வந்திருக்கலாம். நாலு பேருக்குக் கேட்கும்படி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்னொரு வெள்ளைத்தாளைத்தான் எடுத்து வைத்தாள்.

பிறகு சுவரோர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. வியாழக்கிழமைதோறும் அவள் அங்கே உட்கார்ந்திருப்பாள். மடியில் கையை வைத்துக்கொண்டு, எதையும் படிக்காமல். வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். அவர் எழுந்து போன பிறகுதான் அவள் எழுந்திருப்பாள்.

அவர் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

ஒரு நாளும் அவசரப்படுத்தியதில்லை.

ஐயா, என்று எழுதினார்.

காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. மகளிர் சுயதொழில் என்று போடலாம். வாசிப்புப் பழக்கம் என்று போடலாம். முப்பத்திரண்டு வருடப் பழக்கத்தில் இப்படி இருபது காரணங்கள் கைவசம் இருந்தன.

மின்விசிறிக்குக் கீழே ஞானதிரவியம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்ததும் இந்தப் பக்கம்தான் வருவார்.

மேற்படி இதழை நான் ஒன்று விடாமல் படித்து வந்தேன், என்று எழுதினார்.

இடது கை தானாக எழுந்து அந்த வரியை மூடியது.

அவர் அந்தக் கையை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.