எழுத்தில்லாத படம்

பக்கத்து வீட்டு அக்கவுன்டன்ட் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது ஒரே ஒரு படத்தில்தான். ஆபீஸில் எடுத்த அந்தப் படத்தின்மேல் எவனோ, "இன்கிரிமென்ட் வருமாம்!" என்று எழுதிவிட, அது மீமாகி ஊர் உலகமெல்லாம் சிரித்தது. மனுஷன் வேலையை விட்டு வீட்டுக்குள்ளேயே முடங்கி, போன வாரம் போய்ச் சேர்ந்தார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் அவர் ஆபீஸ் மேனேஜர் மூக்குச் சிந்திய சத்தம்தான் எதிர்வீடு வரை கேட்டது. "அதைச் செஞ்ச படுபாவியை விடமாட்டேம்மா."

"அது கிடக்கட்டும் சார்," என்றாள் அக்கவுன்டன்டின் மனைவி. "சுவர்ல மாட்ட அந்தப் படம்தான் வேணும். எங்க தேடினாலும் எழுத்தோடதான் வருது."

"இவ்வளவுதானே?" மேனேஜர் போனைத் துழாவி நீட்டினார். படத்தில் ஓர் எழுத்துகூட இல்லை.

மகள் நிமிர்ந்தாள். "எடுத்தவர்கிட்ட மட்டும்தானே இது இருக்கும், அங்கிள்?"

மேனேஜர் சட்டென்று போனைப் பின்னுக்கு இழுத்தார்.

"சும்மா இருடி," என்றாள் அம்மா. "முதல்ல படத்தை அனுப்பட்டும். அப்புறம் கேட்டுக்கலாம்."