மேலே போக அனுமதி

"எந்த நாட்டுக்குப் போறீங்க?" என்று கேட்டார் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கலாதேவி, விண்ணப்பப் பாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நாடு இல்ல மேடம். மேல" என்றார் சுகுமாரன்.

"மேலன்னா? தாய்லாந்தா?"

"அதுக்கும் மேல."

"சீனாவா?"

"விண்வெளி மேடம்! ஆறாவது தடவையா வந்து சொல்றேன். விண்வெளி!"

மலேசியாவின் ஈப்போ நகரில், அந்த அரசாங்க அலுவலகத்தின் நான்காம் கவுண்டரில் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சுகுமாரனைப் பலருக்கும் தெரியும். தெலுக் இந்தான் பக்கம் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். பிஸ்கட் கம்பெனிக் குலுக்கலில், அமெரிக்காவில் ஒரு தனியார் ராக்கெட்டில் இடம் ஜெயித்தவர். பதினோரு நிமிடம் மேலே போய்விட்டு வரலாம்.

ஆனால் அரசாங்க வாத்தியார் நாட்டை விட்டுப் போக அனுமதிக் கடிதம் வேண்டும். இன்று நான்கு மணிக்குள் அதை அனுப்பாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

மணி மூன்றே முக்கால்.

"அமெரிக்கா வரைக்கும் அனுமதி தரலாம் சார். அங்கேருந்து வேற எடத்துக்குப் போறீங்கல்ல? அதுக்குத் தனிப் பாரம்."

கலாதேவி கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"நீங்களே பாருங்க. ஸாம்பியா இருக்கு, ஸிம்பாப்வே இருக்கு. அதோட பட்டியல் முடிஞ்சிருச்சு. விண்வெளி இல்ல."

"அப்போ 'மற்றவை'ன்னு போடுங்க மேடம்."

"மற்றவைன்னா பெரிய ஆபீசர் கையெழுத்து வேணும். அவரு லீவு. அப்புறம், தங்குற முகவரி எழுதல."

"பதினோரு நிமிஷத்துக்கு யாரு மேடம் ரூம் போடுவா?"

"சரி, அங்க பாஸ்போர்ட் தொலைஞ்சா எந்தத் தூதரகத்துக்குப் போவீங்க?"

சுகுமாரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி விமலாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மேசையில் ஓங்கித் தட்டினார்.

"ஒரு தமிழன் மேல போறது உங்களுக்குப் பொறுக்கலையா? விட்டா ராக்கெட்டுக்கு ரோட் டேக்ஸ் எங்கன்னு கேப்பீங்க போல!"

"அட, ஆமால்ல!" என்று கலாதேவி அதையும் குறித்துக்கொண்டார்.

வரிசையில் ஒருவர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார். "இந்த அம்மாவைத்தான் ஃபேஸ்புக்ல ஒரு வாரமா கிழிக்கிறாங்க. இன்னும் திருந்தல பாரு லா!"

கலாதேவி நிமிரவில்லை. 'முழுமையற்றது' என்ற சிவப்பு முத்திரையை எடுத்தார். பாரத்தின் மேல் குத்தினார். டப்!

நான்கு மணி அடித்தது.

"நல்லா இருங்க மேடம்! ரொம்ப நல்லா இருங்க!" விமலா பையைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று காருக்குப் போனார். வரிசையும் கலாதேவியைத் திட்டிக்கொண்டே கலைந்தது.

சுகுமாரன் மட்டும் நகரவில்லை. வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, கண்ணாடியின் ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"அக்கா, உங்களக் கையெடுத்துக் கும்பிடணும்." கை கூப்பினார். "மாடிப்படியில நின்னு கீழ பாத்தாலே எனக்குத் தலை சுத்தும். ஊரே பேனர் கட்டிருச்சு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க எல்லாம் கைதட்டுதுங்க. பயமா இருக்குன்னு எப்படிக்கா சொல்றது? இத்தனை பேர்கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு, சொன்ன மாதிரியே தடுத்துட்டீங்க."

"ஏச்சு எனக்குப் பழகிருச்சு சார். வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்குங்க."

"விமலாவுக்கு மட்டும் தெரிய வேணாம்க்கா."

"தெரியாது. போங்க, காத்துக்கிட்டு இருக்காங்க."

சுகுமாரன் கண்ணைத் துடைத்தார். முகத்தைச் சோகமாக மாற்றிக்கொண்டு, தோளைத் தொங்கப்போட்டு, மெல்ல வெளியே நடந்தார்.

கலாதேவி கவுண்டரை மூடும்போது போன் அதிர்ந்தது. காரிலிருந்து விமலா செய்தி அனுப்பியிருந்தார்.

'அக்கா, அப்படிக் கத்துனதுக்கு மன்னிச்சிருங்க லா. அன்னைக்கு நான் வந்து அழுததுக்காக எம் புருஷனைத் தரையிலயே நிறுத்திட்டீங்க. அவருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. பாவம், ரொம்ப ஆசையா இருந்தாரு.'