நாலு துண்டுத் தூண்டில்

"அக்கா, எங்கிட்ட இருந்த மாதிரியே ஒரு தூண்டில் வேணும். ட்ரவுட் மீனுக்கும் ஆகணும், பாஸ் மீனுக்கும் ஆகணும். துண்டு துண்டாக் கழட்டி லாரி சீட்டுக்குப் பின்னால சொருகிக்கிற மாதிரி."

உருளையில் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டிருந்த கடைக்காரி நிமிர்ந்தாள். கையிலிருந்த உருளை நழுவி விழுந்து ஓடியது.

எதிரே லாரிக்காரர். அதே குரல், அதே ஒட்டிய கன்னம், அதே பச்சை ஜெர்கின்.

ஏரியில் மூழ்கிச் செத்துப் பத்தொன்பது நாளான லாரிக்காரர்.

அடக்கத்துக்கு அவளே போய்ப் பூ வைத்துவிட்டு வந்திருந்தாள். நாலு நாள் தண்ணீரில் கிடந்த உடம்பு என்று முகத்தைத் திறக்கவில்லை.

வெளியே நல்ல மழை. கடையில் வேறு ஈ காக்கை இல்லை. அவர் நின்ற இடத்தில் தண்ணீர் சொட்டித் தேங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை... எத்தனை துண்டு?" என்றாள்.

"நீங்களே சொல்லுங்கக்கா."

அதுதான் அவளை உலுக்கியது. 'மூட்டு அதிகமானா மீன் கடிக்கறது கைக்குத் தெரியாதுக்கா, நாலே போதும்' என்று ஒரு மணி நேரம் வாதாடுகிற ஆளாயிற்றே!

ஆறு துண்டில் ஒன்றும் நாலு துண்டில் ஒன்றும் எடுத்து வைத்தாள். ஆறைத் தொட்டார். ஒல்லித் துண்டைக் கொண்டுபோய்க் கைப்பிடியில் சொருகப் பார்த்தார். வலது கையில் பிடித்தவர், சட்டென்று நினைவு வந்தவர்போல் இடது கைக்கு மாற்றினார்.

லாரிக்காரருக்கு இடது கைப் பழக்கம்.

செத்தால் கைப்பழக்கம்கூடவா மறந்துபோகும்? மாற்றும்போது அவள் கையில் பட்ட விரலும் பனிக்கட்டியாக இருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடி மேஜையில் மூச்சுப் பட்டு ஆவி படர்ந்தது.

பேய்க்கு ஏது மூச்சு?

பயம் போன இடத்தில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்போ நீ சாகவே இல்லையா? யாரோட உடம்புக்கு எங்களைப் பூ வைக்க வெச்சே? கண்ணு தெரியாத உங்கம்மா படுத்த படுக்கையாக் கிடக்காங்க. செத்த மாதிரி நடிச்சுட்டு மீன் பிடிக்கக் கிளம்பிட்டியே, மனுஷனா நீ?"

அவன் தூண்டிலைக் கீழே வைத்தான். முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை. ஏதோ பரீட்சையில் தேறின நிம்மதிதான் இருந்தது.

"நிஜமாவே அவன்னு நம்பிட்டீங்களாக்கா?"

"என்னது?"

"செத்தது அண்ணன்தான். நாங்க ரெட்டை. நான் பத்து நிமிஷம் சின்னவன், வேற ஊர்ல தையல்காரன். தகவல் தெரிஞ்சு வர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருச்சு. உங்களைப் பத்தி போன்ல நிறையச் சொல்லியிருக்கான். வீட்டுல இருந்த அவன் ஜெர்கினைப் போட்டுக்கிட்டு, அவனை மாதிரிப் பேச வருதான்னு உங்ககிட்ட பார்த்தேன். பயமுறுத்திட்டேன், மன்னிச்சிடுங்க."

அவள் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அதுக்கு எதுக்குத் தூண்டில்?"

"ஒவ்வொரு ட்ரிப் முடிஞ்சு வந்ததும் அம்மா கட்டில்ல உட்கார்ந்து, தூண்டிலைத் துண்டு துண்டா மாட்டி அவங்க கையில குடுப்பானாம். அம்மா தடவிப் பார்த்துட்டு, 'இன்னிக்கு என்ன மீன்டா?'ன்னு கேட்பாங்களாம். தூண்டில் அவனோடவே ஏரிக்குள்ள போயிடுச்சு. நேத்து 'எங்கடா அது?'ன்னு கேட்டாங்க."

கடைக்காரி ஆறு துண்டை உள்ளே வைத்தாள். நாலு துண்டை அவன் முன்னால் பிரித்துப் போட்டாள்.

"தடிச்சதுலேர்ந்து ஒல்லிக்கு வரணும். லேசாத் திருகி அழுத்து. ஆங், அப்படித்தான். இடது கையில பிடி."

மூன்று தடவை மாட்டிக் கழட்டினான். நாலாவது தடவை சரியாக வந்தது.

"அப்போ உங்கம்மாவுக்கு விஷயமே தெரியாதா?" என்றாள் மெதுவாக.

"'உங்க பையன் தண்ணியில போயிட்டான்'னு பக்கத்து வீட்டுல யாரோ வாய் தவறிச் சொல்லிட்டாங்க. நான் வந்து சேர்ந்ததும் அம்மா என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, 'போனது பெரியவன் இல்லையே?'ன்னு கேட்டாங்க. 'இல்லைம்மா, சின்னவன்தான்'னு சொல்லிட்டேன்."